கதவுக்கு இந்தப் பக்கம்: பெற்றோர்–பிள்ளை த்ரில்லர்களில் பதற்றம் எங்கே உருவாகிறது

பிள்ளையைக் கடத்திவிட்டார்கள், அப்பாவோ அம்மாவோ மீட்கக் கிளம்புகிறார். குற்ற த்ரில்லர்களில் இதைவிடச் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய ஒருவரிக் கதை இல்லை. கேட்பவருக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிடும். யார் பக்கம் நிற்க வேண்டும் என்று பார்வையாளருக்கு விளக்கத் தேவையில்லை. இந்தச் சௌகரியம்தான் இவ்வகைப் படங்களில் பாதியைக் கெடுக்கிறது. குழந்தை ஆபத்தில் இருந்தால் பதற்றம் தானாக வந்துவிடும் என்று நம்பி, கட்டிப்போட்ட கை, கலைந்த தலை, கண்ணீர் என்று ஷாட்டுகளை அடுக்கிவிடுகிறார்கள். இருபதாவது நிமிடத்தில் பதறிய பார்வையாளர் ஐம்பதாவது நிமிடத்தில் செல்போனை எடுத்துப் பார்க்கிறார்.

பதற்றம் உற்பத்தியாவது பெற்றவரின் பக்கத்தில். பிள்ளை எங்கே என்று தெரியாது. செய்யக்கூடியவை ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. அந்த நிலையில் அவர் எதை விலையாகக் கொடுக்கத் துணிகிறார் என்பதைத்தான் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். திரைக்கதையிலிருந்து ஒலிக்கலவை வரை இந்த வகைமையில் சரியாக அமைந்த முடிவுகளைத் தோண்டிப் பார்த்தால், அடியில் இந்தப் புரிதல் இருக்கும். குழந்தை நடிகர்களுக்கான வேலைநேரச் சட்டங்களும் படக்குழுவை இதே திசையில்தான் தள்ளுகின்றன என்பது ஒரு நல்ல பொருத்தம்.

1931-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படம் இதைத் தொடக்கத்திலேயே செய்து காட்டியது. பள்ளி முடிந்து வரவேண்டிய மகளுக்காகத் தாய் சாப்பாட்டு மேசையைத் தயார் செய்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஆளில்லாத மாடிப்படி, யாரும் உட்காராத நாற்காலி, புதரிலிருந்து உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கித் துடிக்கும் பலூன். கொலை திரையில் இல்லை. தாய் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும் காலி இடங்களின் மேல் ஒலிக்கிறது. பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒலியை இப்படி ஆளில்லாத சட்டகங்களின் மேல் வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது பெரிய விஷயம்.

எதிர்த்திசையில் போய்ச் சூடுபட்டவர் ஹிட்ச்காக். 1936-இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில், கதாநாயகியின் சின்னத் தம்பி பொட்டலத்தில் இருப்பது வெடிகுண்டு என்று தெரியாமல் அதை நகரத்துக்குள் சுமந்து போகிறான். தெரு வியாபாரி நிறுத்துகிறான், ஊர்வலம் வழிமறிக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. கடைசியில் பேருந்தோடு சேர்த்து வெடித்தே விடுகிறது. பார்வையாளர்கள் கொதித்தார்கள். அந்தப் பையன் மேல் அவ்வளவு பரிவை ஏற்றிவிட்டு அவனைக் கொன்றது தவறு என்று பல ஆண்டுகள் கழித்து பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் ஒப்புக்கொண்டார். இதில் தொழில்நுட்பப் பாடம் ஒன்று இருக்கிறது. நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த பதற்றத்துக்கு ஒரு விடுவிப்பு வேண்டும். குழந்தை விஷயத்தில் அந்த விடுவிப்பைத் தராவிட்டால், பார்வையாளரின் கோபம் வில்லனை விட்டுவிட்டு இயக்குநர் மேல் திரும்பும். குழந்தை இறக்கும் கதையே எடுக்கக் கூடாது என்பதில்லை. 'எம்' அதைத்தான் செய்கிறது, ஆனால் பதற்றத்தை முடிச்சாக இழுக்காமல் இழப்பாக நிறுத்துகிறது.

கை விடும் காட்சி

பிள்ளை காணாமல் போகும் காட்சியில்தான் பெரும்பாலான படங்கள் முதல் தவறைச் செய்கின்றன. அப்பா போனில் பேசிக்கொண்டிருக்கிறார், திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. இதில் அப்பா கவனக்குறைவானவர் ஆகிவிடுகிறார். பார்வையாளர் மனதில் 'நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்' என்ற எண்ணம் வந்துவிட்டால் அவர் கதையிலிருந்து ஒரு அடி வெளியே போய்விட்டார் என்று அர்த்தம். 'நானும் விட்டிருப்பேன்' என்று அவரை நினைக்க வைக்க வேண்டும்.

அதற்குக் கை விடும் காரணத்தைக் கட்டமைக்க வேண்டும். ரயில் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா, ஆறு வயது மகன், ஒரு பெட்டி, தோள்பை. பயணச்சீட்டு காட்டும் இடத்தில் அவள் இடது கையில் பெட்டி, வலது கையில் பிள்ளை. சீட்டு தோள்பைக்குள். பையைத் திறக்க ஒரு கை வேண்டும். பெட்டியைக் கீழே வைக்கலாம், ஆனால் பின்னால் வரிசை நெருக்குகிறது. 'அம்மா துணியைப் பிடிச்சுக்கோ' என்கிறாள். அவன் பிடித்துக்கொள்கிறான். இதுவரை எல்லாமே சரியாக நடக்கிறது.

ஷாட் பிரிப்பு சுமாராக இப்படி வரும். இடுப்பு உயரத்தில் கேமரா, துணியைப் பற்றிய சின்ன விரல்கள், 3 விநாடி. அம்மாவின் முகம், பைக்குள் துழாவும் கை, 5 விநாடி. சீட்டு கிடைக்கிறது, நீட்டுகிறாள், ஊழியர் தேதியைப் படித்துவிட்டு ஏதோ கேட்கிறார், 6 விநாடி. பதில் சொல்லி முடித்து, பார்க்காமலே கையைக் கீழே நீட்டுகிறாள். கை காற்றில் நிற்கிறது. அந்தக் கையோடு 2 விநாடி நிற்க வேண்டும். உடனே முகத்துக்குத் தாவினால் எல்லாம் போயிற்று. பார்க்காமல் நீளும் கை ஒரு பழக்கத்தைக் காட்டுகிறது. ஆயிரம் முறை அந்த இடத்தில் ஒரு சின்னக் கை இருந்திருக்கிறது என்று அது சொல்கிறது. வசனம் எழுதிக் கொண்டுவர முடியாத தகவல் இது.

பிறகு அவள் உடனே கத்தக் கூடாது. உண்மையில் பெற்றோர் முதல் சில விநாடிகள் எரிச்சலோடுதான் தேடுவார்கள். பெயரை அதட்டும் குரலில் ஒரு முறை, கெஞ்சும் குரலில் ஒரு முறை, மூன்றாவது முறை கத்தி. முதல் இரண்டு படிகளைத் தாண்டி நேராக மூன்றாவதற்குப் போகும் நடிப்பு பொய்யாகத் தெரியும். ஒலியில், கூட்டத்தின் இரைச்சலைக் குறைத்து இதயத் துடிப்பை ஏற்றுவது தேய்ந்துபோன உத்தி. இரைச்சலைக் கூட்டுவதே மேல். ஒவ்வொரு குழந்தைக் குரலும் தன் பிள்ளையின் குரலாகக் கேட்கத் தொடங்கும் கூட்டம் அது. மிக்சிங்கில் வெவ்வேறு திசைகளில் மூன்று நான்கு குழந்தைக் குரல்களை வைத்தால் போதும்.

விலை என்ன

காணாமல் போன பிறகு கதையை நகர்த்துவது வில்லனின் கொடூரம் என்று நினைத்தால், படம் சித்திரவதைக் காட்சிகளின் வரிசையாகிவிடும். பெற்றவர் முன் வைக்கப்படும் தேர்வுகளே கதையை நகர்த்துகின்றன. ஒவ்வொரு தேர்வும் எதையாவது பறிக்க வேண்டும், முந்தையதைவிடக் கூடுதலாகப் பறிக்க வேண்டும்.

இதற்கு அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) இன்றும் பாடப்புத்தகம். எட் மெக்பெயினின் 1959 நாவல் ஒன்றிலிருந்து எடுத்த கதை. காலணி நிறுவன அதிகாரி ஒருவர், நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவர வீடு உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்துப் பணம் திரட்டி வைத்திருக்கிறார். தொலைபேசி வருகிறது: உன் மகனைக் கடத்திவிட்டோம், 3 கோடி யென் கொடு. கொடுத்துவிடுகிறேன் என்று உடனே ஒப்புக்கொள்கிறார். அடுத்த நிமிடம் மகன் விளையாடிக்கொண்டே வீட்டுக்குள் வருகிறான். ஆள் மாறிவிட்டது. கடத்தப்பட்டவன் கார் ஓட்டுநரின் மகன். கடத்தியவன் அதே தொகையைத்தான் கேட்கிறான்.

தன் பிள்ளைக்கு யோசிக்காமல் நீட்டிய பணத்தை இன்னொருவர் பிள்ளைக்கு நீட்ட முடியுமா? ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் அந்த ஒரே வரவேற்பறைக்குள் இந்தக் கேள்வியோடு படம் நிற்கிறது. துரத்தல் கிடையாது, துப்பாக்கி கிடையாது. அகலத்திரையின் ஒரு ஓரத்தில் குனிந்து நிற்கும் ஓட்டுநர், இன்னொரு ஓரத்தில் முதுகைக் காட்டி நிற்கும் முதலாளி. கடத்தப்பட்ட பிறகு அந்தப் பையன் இந்தப் பகுதியில் திரையில் வருவதே இல்லை. பணத்தைக் கைமாற்றும் இடம் வந்ததும் படம் திடீரென்று ரயிலேறிவிடுகிறது. பணம் வைக்கும் பைகள் 7 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனைக்குக் காரணம் அங்கேதான் தெரிகிறது. அந்த விரைவு ரயிலில் கழிவறை ஜன்னல் மட்டும் 7 சென்டிமீட்டர் திறக்கும். ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து பையனைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பையை வீச வேண்டும். போலீசார் செய்ய முடிந்ததெல்லாம் கேமராவில் படம்பிடிப்பது மட்டும்.

ஓர் எண்ணை முதலில் காரணமில்லாமல் விதைத்து, பிறகு அதுவே பூட்டாக மாறுவதைக் காட்டும் இந்த உத்தி எந்தப் பட்ஜெட்டிலும் சாத்தியம். ஆனால் அந்த எண் உண்மையான பொருளிலிருந்து வர வேண்டும். ஜன்னலை அளந்து பார்த்த பிறகே வசனம் எழுத வேண்டும்.

இப்படிச் செய்முறையைத் துல்லியமாகக் காட்டுவதற்கு இன்னொரு முகமும் உண்டு. அந்தப் படம் வெளியான 1963 மார்ச் மாதத்தின் கடைசி நாளில் டோக்கியோவில் நடந்த ஒரு சிறுவன் கடத்தலில், படத்தின் முன்னோட்டத்திலிருந்து யோசனை கிடைத்ததாகக் குற்றவாளி சொன்னது பதிவாகியிருக்கிறது. 1964-இல் ஜப்பான் தன் தண்டனைச் சட்டத்தில் பணத்துக்காகக் கடத்துவதற்கென்று தனிப் பிரிவைச் சேர்த்தது. எனவே பணம் கைமாறும் வழியை நுணுக்கமாகக் காட்டுங்கள். பள்ளி வாசலில் ஒரு பிள்ளையை நம்ப வைத்து அழைத்துப்போகும் வழியை அதே நுணுக்கத்தோடு காட்டத் தேவையில்லை. கதைக்கு முந்தையதுதான் முக்கியம்.

பொய்யாகிவிட்ட விஷயங்கள்

பார்வையாளர் இன்று நிறையத் தெரிந்துகொண்டு வருகிறார். சில பழைய வசதிகள் இனி செல்லாது.

இன்னும் அறுபது விநாடி பேச்சை வளர்த்தால் போதும், எங்கிருந்து அழைக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற காட்சி இயந்திரத் தொலைபேசி இணைப்பகங்களின் காலத்துக்குச் சொந்தமானது. அப்போது ஊழியர்கள் சுவிட்ச் சுவிட்சாகப் பின்தொடர்ந்து போக வேண்டியிருந்தது, நேரம் பிடித்தது. டிஜிட்டல் இணைப்பகம் வந்த பிறகு அழைப்பு தொடங்கியதுமே பதிவு உருவாகிவிடுகிறது. இன்றைய தடை வேறு இடத்தில் இருக்கிறது. செல்போன் கோபுரம் மட்டும் தரும் இடம் ஒரு பரப்பளவு. நெருக்கமான நகரத்தில் சில நூறு மீட்டர், கோபுரங்கள் தூரமாக இருக்கும் கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி துடிப்பதைவிட, நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள ஒரு வட்டத்தை வரைந்துவிட்டு அதிகாரி பேனாவைக் கீழே வைப்பது கூடுதலாகப் பயமுறுத்தும்.

கைக்குட்டையில் மயக்க மருந்து வைத்து மூன்று விநாடியில் சாய்ப்பது சினிமா கண்டுபிடித்த மருத்துவம். குளோரோஃபார்மைத் தொடர்ந்து முகர வைத்தால்கூடச் சுயநினைவு போக ஐந்து நிமிடமளவு ஆகும், அதற்குள் மூச்சுத் திணறலுக்கும் இதயம் நிற்பதற்கும் வாய்ப்பு அதிகம். கடத்தல்களில் பலவும் தெரிந்த முகத்தாலும் சாதாரண வார்த்தையாலும் நடப்பவை. அது எடுப்பதற்கும் மலிவு, பார்ப்பதற்கும் கொடூரம்.

'இருபத்துநாலு மணி நேரம் கழித்து வாருங்கள்' என்று சொல்லும் காவல் நிலையக் காட்சியும் அப்படித்தான். காணாமல் போன குழந்தை விஷயத்தில் காத்திருப்புக் காலம் வைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1990-இலேயே சட்டம் போட்டுவிட்டது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தல் என்றே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. ஆகவே பெற்றவர் போலீசிடம் போகாததற்கு அலுவலக மெத்தனத்தைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். போலீசிடம் போனால் தன்னுடைய ஏதோ ஒன்று வெளியே வந்துவிடும் என்ற காரணமே வலுவானது. கணக்கில் காட்டாத பணம், காவலுரிமை வழக்கு, பழைய ஒரு பொய். அப்போது ரகசியமும் பிள்ளையும் தராசின் இரண்டு தட்டுகளாகிவிடுகின்றன, திரைக்கதைக்கு இலவசமாக ஒரு இரண்டாம் பாதி கிடைத்துவிடுகிறது.

மருத்துவக் கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஒரு நோய், மருந்து வீட்டில், நேரம் குறைவு. நல்ல உத்தி, ஆனால் அடிக்கடி தலைகீழாக எழுதப்படுகிறது. நீரிழிவு உள்ள குழந்தை மயங்கினால் 'உடனே இன்சுலின்' என்று கத்துகிறார்கள். முதல் வகை நீரிழிவில் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் உண்டு. சர்க்கரை குறைந்தால் வியர்வை, நடுக்கம், குழப்பம், வலிப்பு, எல்லாம் நிமிடக் கணக்கில் வரும். அப்போது தேவை சர்க்கரை அல்லது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளூக்கான் ஊசி. இன்சுலின் போட்டால் ஆளைக் கொன்றுவிடும். இன்சுலின் கிடைக்காமல் சர்க்கரை ஏறினால் தாகம், வாந்தி, ஆழமான வேகமான மூச்சு. அது பல மணி நேரம் முதல் ஒன்றிரண்டு நாள் வரை எடுத்துக்கொள்ளும். 2002-இல் டேவிட் ஃபின்ச்சர் எடுத்த 'பேனிக் ரூம்' இவற்றில் முதல் ஆபத்தைச் சரியாகப் பயன்படுத்தியது. தாயும் மகளும் பாதுகாப்பறைக்குள், குளூக்கான் ஊசி கதவுக்கு வெளியே, கொள்ளையர்கள் இருக்கும் பக்கத்தில். கதையின் கால அளவு ஓர் இரவு என்றால் குறைந்த சர்க்கரை, இரண்டு நாள் என்றால் இன்சுலின் இல்லாமை. எழுதுபவர் முதலில் இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

நான்கு மணி நேரத்தில் ஒரு நாள்

படப்பிடிப்புக்கு வருவோம். குழந்தையை எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. கலிபோர்னியாவில் 6 முதல் 9 வயதுக்குட்பட்ட குழந்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தளத்தில் இருக்கலாம், பள்ளி நாளில் அதில் வேலை 4 மணி நேரம்தான். மீதியில் 3 மணி நேரம் படிப்பு, 1 மணி நேரம் ஓய்வு. இந்தியாவில் 2017 விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரம், இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும்.

கேமரா கோணம் மாற்றி, ஒளி சரிசெய்து, எடுத்து முடிக்க ஒரு ஷாட்டுக்கு 25 நிமிடம் என்று வைத்தால், 4 மணி நேரத்தில் ஒன்பது பத்து ஷாட்டுகள். எனவே நாளின் வரிசை கதை வரிசையில் இருக்க முடியாது. குழந்தையின் முகம் தெரியும் கோணங்கள் முதலில். குழந்தை போன பிறகு, அதே காட்சியில் பெற்றவரின் முகம்.

இங்கேதான் வழக்கமான சறுக்கல் நடக்கிறது. குழந்தை இல்லாத இடத்தைப் பார்த்து நடிக்கும் நடிகரின் பார்வை சற்று மேலே போய்விடும். குளோசப்பில் அது அப்பட்டமாகத் தெரியும், எடிட்டிங்கில் இரண்டு ஷாட்டுகளும் ஒட்டாது. குழந்தை கிளம்புவதற்கு முன் அதன் கண் உயரத்தைச் செருப்போடு அளந்து, ஸ்டாண்டில் டேப் ஒட்டி வைத்துவிட வேண்டும். உட்கார்ந்த நிலைக்கு ஓர் அளவு, நின்ற நிலைக்கு ஓர் அளவு. வசனத்தை உதவி இயக்குநர் தட்டையாகப் படிப்பதைவிட, குழந்தையின் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டால் எதிரில் இருப்பவரின் நடிப்பு மாறும்.

இந்த விதிகளைச் சுற்றிவளைத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1982 ஜூலையில் 'ட்விலைட் ஸோன்' படப்பிடிப்பில் நடந்தது சாட்சி. ஒருவர் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து காப்பாற்றும் காட்சி. நள்ளிரவு தாண்டி, வெடிகளுக்கு நடுவே, தலைக்கு மேல் ஹெலிகாப்டர். இரவுவேலை அனுமதி கிடைக்காது என்பதால் குழந்தைகளைக் கணக்கில் காட்டாமல் அழைத்து வந்திருந்தார்கள். வெடியில் வால் சுழலி பழுதாகி ஹெலிகாப்டர் விழுந்தது. நடிகர் விக் மாரோவும் 6, 7 வயதில் இருந்த இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். 1987-இல் இயக்குநர் ஜான் லாண்டிஸ் உள்ளிட்டோர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஷாட்டில் தூரத்தில் தெரியும் இரண்டு உருவங்களுக்குப் பொம்மைகளே போதுமாக இருந்திருக்கும் என்பதுதான் வயிற்றைப் பிசைகிற விஷயம்.

நடைமுறை இதுதான். கைத்துப்பாக்கியும் குழந்தையும் ஒரே சட்டகத்தில் வர வேண்டுமென்றால் கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு இரண்டு முறை எடுங்கள்: ஒரு முறை குழந்தை மட்டும், ஒரு முறை ஆயுதம் மட்டும். பிறகு கணினியில் இணைத்துக்கொள்ளலாம். குழந்தை பார்க்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிக்குப் பதில் யாராவது ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கலாம். கயிறு சுற்றினது போலத் தெரிய வேண்டும், முடிச்சுக்குப் பின்னால் வெல்க்ரோ என்ற ஒட்டிப் பிரியும் பட்டை இருக்க வேண்டும், குழந்தை தானே இழுத்துப் பிரித்துக்கொள்ளும்படி. வாயில் டேப் ஒட்டும் ஷாட்டைத் தவிர்ப்பதே நல்லது. மூக்கடைப்பு இருக்கும் குழந்தைக்கு அது விளையாட்டல்ல. டேப்பை உரிக்கும் ஒலியும் தரையில் கிடக்கும் டேப் துண்டும் அந்த வேலையைச் செய்துவிடும். காரின் டிக்கிக்குள் இருக்கும் ஷாட்டை ஒரு பக்கம் வெட்டித் திறந்த டிக்கியில், அணைத்து வைத்த காரில் எடுக்க வேண்டும். மூடி இறங்கும் ஷாட்டில் உள்ளே இருப்பது சிறிய உடல்வாகுள்ள டூப்.

அழ வைப்பது பெரிய தலைவலி. 1931-இல் 'ஸ்கிப்பி' படத்தில் ஜாக்கி கூப்பரை அழ வைக்க, அவன் நாயைச் சுட்டுவிடுவதாக மிரட்டினார் இயக்குநர் நார்மன் டாரோக், அவர் அந்தப் பையனின் அம்மாவுடைய சகோதரியின் கணவர் வேறு. டாரோகுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. கூப்பர் ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதிய சுயசரிதைக்கு 'தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்' என்று தலைப்பு வைத்தார். ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' (1980) எடுத்தபோது வேறு வழியில் போனார். அந்தச் சிறுவனுக்கு அது பேய்ப்படம் என்றே தெரியாது. ஹோட்டலில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் கதை என்று நினைத்துத்தான் நடித்தான். இரண்டாவது வழியே சரி, ஒரு திருத்தத்தோடு. ஏழெட்டு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு முழுக் கதையையும் மறைக்க முடியாது, மறைத்தால் மற்றவர்கள் மூலம் தவறாகத் தெரியவரும். காட்சியை விளையாட்டாக உடைத்துச் சொல்லி, கத்தி பிளாஸ்டிக் என்று கையில் கொடுத்துக் காட்டி, வில்லனாக நடிப்பவரோடு முந்தின நாளே பழகவிட வேண்டும். கண்ணீருக்கு மெந்தால் குச்சியைக் குழந்தையின் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து எடுத்துவிட்டு, அழுகையை டப்பிங்கில் சேர்க்கலாம். விசும்பலையும் ஏங்கும் மூச்சையும் தனியாக, படம் இல்லாமல், பத்து நிமிடத்தில் பதிவு செய்துவிட முடியும். குழந்தைகள் அதை ஒரு குரல் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

உயரமும் அலைவரிசையும்

ஆறு வயதுக் குழந்தை சராசரியாக 115 சென்டிமீட்டர் உயரம். கண்கள் அதற்குப் பத்துப் பதினொரு சென்டிமீட்டர் கீழே. கேமராவைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வைத்துச் சமமாகப் பார்த்தால், நிற்கும் பெரியவர்கள் முகமில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். பெல்ட், சாவிக்கொத்து, கை, சட்டையின் கீழ்ப்பொத்தான். கடத்தியவனின் அடையாளத்தை மறைக்க முகமூடி தேவையில்லை, உயரமே போதும். குழந்தை பிற்பாடு அவனை அடையாளம் காட்ட வேண்டிய கட்டத்தில், முகத்துக்குப் பதில் நகம் கடித்த கட்டைவிரலைச் சொன்னால் பார்வையாளரும் 'ஆமாம், பார்த்தோமே' என்பார். குழந்தையின் பார்வையில் எடுக்கும் ஷாட்டுகளுக்கு மட்டும் இந்த உயரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லா ஷாட்டையும் தாழ்வாக வைத்தால் அந்த மொழி யாருக்கும் புரியாது.

தொலைபேசியில் கேட்கும் பிள்ளையின் குரல்தான் இந்த வகைமையின் மிகப் பெரிய ஆயுதம். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். இன்றைய செல்போன்களில் பல 7000 ஹெர்ட்ஸ் வரை போகின்றன. ஆனாலும் ஒலிப்பொறியாளர்கள் பழைய எல்லைக்குள்தான் வடிகட்டுகிறார்கள். பார்வையாளரின் காது அதைத்தான் 'போன்' என்று அடையாளம் காண்கிறது. அடியும் உச்சியும் வெட்டுப்பட்டதும் குழந்தையின் குரலிலிருந்து நெருக்கம் போய்விடும், காதுக்கு உறைக்கும் நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அதில் பின்னணி இசை சேர்ப்பது வீண். வடிகட்டிய குரலுக்குப் பின்னால் மங்கலாக ஓர் அடையாள ஒலியை வைத்தால் போதும். தண்ணீர் மோட்டார், தறி, பள்ளி மணி, எதுவானாலும் சரி. அந்த ஒலியே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் வடிகட்டியில் காணாமல் போய்விடும் என்பதைக் கதையெழுதும்போதே யோசித்துக்கொள்ள வேண்டும். தூரத்து லாரியின் உறுமலைப் போனில் கேட்டுக் கண்டுபிடித்ததாக எழுதிவிட்டு, மிக்சிங்கில் திண்டாடுபவர்கள் உண்டு.

எடிட்டிங்கில் பிள்ளையிடம் திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று தெரிய வேண்டும்: இடம், நேரம், கடத்தியவர்களுக்குள் விரிசல், பிள்ளை செய்யும் ஒரு கணக்கு. 'இன்னும் அழுகிறது' என்பது தகவல் இல்லை. இரண்டு மணி நேரப் படத்தில் நான்கைந்து முறைக்கு மேல் போக வேண்டியிருந்தால், பெற்றவரின் பாதையில் எங்கோ காலி இடம் இருக்கிறது, அதை மறைக்கத்தான் போகிறோம் என்று பொருள்.

முடிவில் பிள்ளையும் ஒன்று செய்ய வேண்டும். முழுக்கத் தூக்கிச் செல்லப்படும் பொருளாகவே இருந்துவிட்டால் அதன் இடத்தில் ஒரு பெட்டிப் பணம் இருந்திருந்தாலும் கதை மாறியிருக்காது. அது செய்வது சின்னதாக, அந்த வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும், முன்பே வேறு மனநிலையில் காட்டியிருக்க வேண்டும். படிகளை எண்ணிக்கொண்டே ஏறும் பழக்கத்துக்காக முதல் பத்து நிமிடத்தில் அம்மாவிடம் திட்டு வாங்கிய பிள்ளை, கண்ணைக் கட்டி இறக்கிய மாடியில் எத்தனை படி என்று போனில் சொல்லிவிடலாம். எட்டு வயதில் பூட்டைத் திறப்பதும் ஆளை அடித்து வீழ்த்துவதும் கைதட்டல் வாங்கலாம், அதோடு பயம் போய்விடும். பெற்றவர் முன்னாள் கமாண்டோவாக இருந்தாலும் இதே கதிதான். அது அதிரடிப் படமாக நன்றாக ஓடும், அவர் தோற்பார் என்று மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுசந்திப்புக் காட்சியை ஷெட்யூலின் கடைசி வாரத்தில் வைப்பது நல்லது. லொகேஷன் வாடகையை மிச்சம் பிடிக்க அதை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் முன்பு அறிமுகமானவரைக் கட்டிப்பிடிக்கும் குழந்தையின் முதுகு விறைப்பாக இருக்கும், கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கும். எந்த இசையாலும் அதை மறைக்க முடியாது. வேறு வழியில்லாமல் முதலில்தான் எடுக்க வேண்டும் என்றால், அதற்கு முன் இரண்டு பேரையும் கேமரா இல்லாமல் நான்கைந்து நாள் சேர்ந்து சாப்பிடவும் விளையாடவும் விட்டுவிட்டு, கட்டிப்பிடிக்கும் தருணத்தை ஒரே அகல ஷாட்டாக, ஒத்திகை பார்க்காமல், முதல் டேக்கிலேயே பிடிக்க முயல வேண்டும்.